செட் பூட்டிய நாலாம் நாள் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

உப்புவெளியில் இருக்கிற அத்தான் ஒருநாள் விடிய ஐந்தரைக்கு போன் எடுத்தார். மட்டக்களப்பில் கலியாண வீடு. பிள்ளைகள் வெளிக்கிட்டு வாசலில் நிற்கிறார்கள், கார் ஸ்டார்ட் ஆகவில்லை. “பற்றரி செத்துப்போச்சு போல கிடக்கு, தம்பி. உன்ர காரைக் கொண்டு வா, அதின்ர பற்றரியில இருந்து வயர் போட்டு ஜம்ப் பண்ணிப் பார்ப்பம்” என்றார்.

“நாலு நாளைக்கு முன்னம்தானே அலாரமும் அன்ட்ராய்ட் செட்டும் பூட்டினீங்கள், அத்தான்?” என்று கேட்டேன்.

“ஓம். அதுக்கும் இதுக்கும் என்ன?”

அத்தான் கேட்ட இந்தக் கேள்வியைத் திருகோணமலையில் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பூட்டிக் கொடுத்த கடைக்காரர், “நாங்கள் பாட்டுப் பெட்டிதான் மாற்றினோம், எஞ்சினில் கை வைக்கவில்லை” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் பாட்டுக்கு ஒரு வயர், எஞ்சினுக்கு ஒரு வயர் என்று தனித்தனி ஊர்கள் கிடையாது. சாவித் துவாரத்துக்குப் போகிற வயர், பிரேக் லைட்டுக்குப் போகிற வயர், எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் போகிற வயர், ரேடியோவின் வயர் எல்லாம் கட்டுக் கட்டாகச் சேர்ந்தே ஓடுகின்றன. பல இடங்களில் ஒரே பியூஸையும், மின்சாரம் காரின் இரும்புக்குத் திரும்புகிற ஒரே எர்த் போல்ட்டையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தக் கட்டுக்குள் கை போன பிறகு கார் நின்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் கடைசியாகக் கை பட்ட இடம்தான். புதுப் பற்றரி, புது ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் அதற்குப் பிறகு.

நம் ஊரில் இந்த வேலை ஏன் இவ்வளவு நடக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. இங்கே ஓடுகிற விட்ஸ், வேகன் ஆர், அக்வா, பிட் என்று பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி வந்த கார்கள். ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் என்று அமைந்தது, பிறகுதான் 95 வரை நீண்டது. நம் நிலையங்கள் 108 வரை போகின்றன. ஆகவே அந்த ரேடியோவில் நமக்குப் பாதிக்கு மேல் கேட்காது. திரையில் வருவதெல்லாம் ஜப்பானிய எழுத்து, வழிகாட்டும் வரைபடமும் ஜப்பானுக்குரியது. போதாக்குறைக்குப் பற்றரியை ஒருதரம் கழற்றினால், டொயோட்டாவின் சில நேவிகேஷன் செட்கள் பூட்டிக்கொண்டு திறவு எண் கேட்கும். யாருக்குத்தான் மாற்றத் தோன்றாது? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஐந்து வருடம் இருக்கிற காரை வைத்துத்தான் எல்லோரும் சமாளித்தோம். புதுக் கார் வாங்க முடியாதவர்கள் பழையதற்குப் புதுச் செட், பின் கமரா, அலாரம், ஜிபிஎஸ் கருவி என்று பூட்டினார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சரி, கார் எப்படி ஸ்டார்ட் ஆகவில்லை? நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். “ஸ்டார்ட் ஆகவில்லை” என்ற ஒரே பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோளாறுகள் இருக்கின்றன.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். சிறிய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார்கூட எஞ்சினைச் சுற்றும்போது நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு இழுக்கும்போது லைட் கொஞ்சமாவது மங்கத்தான் வேண்டும். லைட் அணைகிற மாதிரி மங்கி, டிக் டிக் டிக் என்று வேகமாகச் சத்தம் வந்தால் பற்றரியில் சரக்கு இல்லை. அல்லது டெர்மினலோ எர்த்தோ சரியாகப் பிடிக்கவில்லை. லைட் துளியும் மங்காமல் அப்படியே எரிந்து, எஞ்சின் பக்கம் ஒரு சத்தமும் வராவிட்டால் மோட்டார் மின்சாரத்தைக் கேட்கவே இல்லை என்று பொருள். உங்கள் கட்டளை வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. பற்றரியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மூன்றாவது வகையில் எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பற்றாது. அங்கே பெற்றோலோ தீப்பொறியோ போகவில்லை, அல்லது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை.

அத்தானின் விட்ஸ் இரண்டாவது வகை. லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பினால் பாட்டுப் பெட்டி ஒரு கணம் அணைந்தது, அவ்வளவுதான். ஜம்ப் பண்ணியும் அசையவில்லை. என் காரில் அவர்களை மட்டக்களப்புக்கு அனுப்பிவிட்டு, வந்து பார்ப்போம் என்றேன். ஆனால் அடுத்த நாளே யாரோ சொன்னதைக் கேட்டு அவர் புதுப் பற்றரி வாங்கிப் போட்டார். கார் அப்போதும் பேசவில்லை.

அந்தக் கதை இருக்கட்டும். முதலில் பற்றரி உண்மையிலேயே இறங்குகிற வகையைப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் நடப்பது அதுதான்.

நிறைவாக ஏற்றிய பற்றரி, கார் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்கு வந்துவிட்டால் கால்வாசிதான். எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை இருந்தால் பற்றரியை ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற, வோல்ட்டும் அம்பியரும் அளக்கிற மல்டிமீற்றரால் இதை வீட்டிலேயே பார்க்கலாம். கார் பூட்டி நிற்கும்போதும் கடிகாரம், கதவுப் பூட்டு, கம்ப்யூட்டரின் ஞாபகம் என்று சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். 20இலிருந்து 50 மில்லி அம்பியர் வரை என்றால் பயமில்லை. 50 மில்லி அம்பியர் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. சிறிய காரின் பற்றரி 35 அம்பியர் மணி அளவு என்று வைத்தால் பத்து நாள் நின்றாலும் தாங்கும். ஆனால் உறங்காத ஒரு செட் அரை அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி போகும். இரண்டாம் நாள் காலை எஞ்சின் சோம்பலாகச் சுற்றும். மூன்றாம் நாள் டிக் டிக். “பூட்டி இரண்டு நாள் நன்றாகத்தானே ஓடியது” என்று சொல்வதன் கணக்கு இதுதான்.

செட் ஏன் உறங்காமல் இருக்கிறது? அதன் பின்னால் இரண்டு பிளஸ் வயர்கள் வரும். மஞ்சள், எப்போதும் மின்சாரம் வேண்டிய வயர். நேரமும் நிலையங்களும் மறக்காமல் இருக்க அது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய வயர். சிவப்பில் மின்சாரம் இருக்கும்வரை தான் விழித்திருக்க வேண்டும் என்று செட் நினைக்கும். கார்ப் பக்கத்தில் நிறங்கள் வேறு. டொயோட்டாவில் பொதுவாக நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது நிரந்தர பிளஸ், சாம்பல் சாவி வயர், பழுப்பு எர்த். அவசரத்தில் சாவி வயரைத் தேடாமல் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி நிரந்தர பிளஸில் கொடுத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். செட் வேலை செய்யும், பாட்டுப் பாடும், காசும் கைமாறும். இரவில் திரை கறுப்பாக இருந்தாலும் உள்ளே அது விழித்தே இருக்கும். அம்ப்ளிபையரை எழுப்புகிற நீல வெள்ளை வயரை நிரந்தர பிளஸில் கொடுத்தாலும் இதே கதைதான்.

இரவில் இழுப்பதை அளக்க, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பற்றரிக்கும் நடுவில் மீற்றரை 10 அம்பியர் துவாரத்தில் வைத்து இணைக்க வேண்டும். கதவு, பொனட் விளக்குகள் எரியக்கூடாது. அப்புறம் அரை மணி நேரமாவது காத்திருங்கள். காரின் கம்ப்யூட்டர்கள் உடனே உறங்குவதில்லை. பொறுமையில்லாமல் ஐந்தாவது நிமிடத்தில் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் பலர். அதன் பின்னும் அளவு கூடுதலாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, திருடன் அந்த வீட்டில். மீற்றர் நடுவில் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். நூறு அம்பியர் அதற்குள் போனால் மீற்றரின் பியூஸ் போய்விடும்.

இனி எர்த். இதைத் திருகோணமலைக்காரர்கள் மற்றவர்களைவிட ஒருபடி கவனமாகப் பார்க்க வேண்டும். நம் பட்டணம் மூன்று பக்கமும் கடல். ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் டச்சுக்குடாவும் பின்வளைகுடாவும். வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கிற டிசம்பர், ஜனவரியில் கடற்கரை வீதியில் ஒரு இரவு நிறுத்திய காரின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த உப்பும் ஈரமும் செம்பு வயரின் வெட்டிய முனைக்குள் போனால் பச்சை பூக்கும். பூத்த இடத்தில் தடை ஏறும். காரில் மின்சாரம் பிளஸ் வயரால் போய் உடம்பின் இரும்பு வழியாகத்தான் திரும்புகிறது. திரும்புகிற வழியில் பெயின்ட்டின் மேல் திருகிய ஒரு ஸ்குரூ, அல்லது செட்டைப் பூட்டும்போது தளர்த்திவிட்டுச் சரியாக இறுக்காத எர்த் போல்ட் இருந்தால் போதும், பல கருவிகள் ஒரேயடியாகப் பைத்தியம் பிடித்த மாதிரி நடக்கும். சோதிக்க, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கம்பத்திலும் மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி சரியில்லை. படகு எஞ்சினோடு வாழ்கிற நம் மீனவர்கள் டெர்மினலைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைக் காருக்கும் செய்யுங்கள்.

இப்போது லைட் மங்காத அந்த மௌனத்துக்கு வருகிறேன்.

அலாரம் பூட்டுகிறவர்கள் கார் திருட்டுப் போகாமல் இருக்க ஸ்டார்ட் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச், வைப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்ன, ஐந்து கால் கொண்ட கறுப்புப் பெட்டி. கால்களுக்கு 30, 85, 86, 87, 87ஏ என்று எண் போட்டிருக்கும். 85, 86 உள்ளே இருக்கிற சுருளுக்கு. சுருளில் மின்சாரம் இல்லாதபோது 30உம் 87ஏயும் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் கொடுத்தால் அந்தத் தொடர்பு விட்டு, 30உம் 87உம் தொடும். ஸ்டார்ட் வயரை 30க்கும் 87ஏக்கும் கொடுத்தால் அலாரம் பழுதானாலும் கார் ஓடும். 87இல் கொடுத்தால் அலாரம் பெட்டி உயிரோடு இருந்து அனுமதி தந்தால்தான் ஓடும். அலாரம் செத்தால் காரும் செத்தது. பூட்டுகிறவரிடம் எந்தக் காலில் கொடுத்தீர்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரிலேயைவிட மோசம், வெட்டிய வயரை மறுபடி இணைக்கிற விதம். முறுக்கி டேப் சுற்றுவது. நம் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிற்கிற காருக்குள் டேப்பின் பசை இளகி வழுக்கும். ஸ்டார்ட்டருக்குப் போகிற அந்த வயரில் சில கார்களில் பத்து அம்பியருக்கு மேலும் ஓடும். முறுக்கிய இடத்தில் வெறும் 0.3 ஓம் தடை வந்தாலும் 10 அம்பியர் போகும்போது 3 வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். சூடேறும், செம்பு கறுக்கும், தடை இன்னும் கூடும். முதல் நாள் நன்றாக இருந்த இணைப்பு நாலாம் நாள் கைவிடுவது இப்படித்தான்.

இங்கே மீற்றரும் ஏமாற்றும். மீற்றர் தான் அளக்கிற வயரிலிருந்து மின்சாரம் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு இழையில் தொங்குகிற வயர்கூட அதற்கு 12 வோல்ட் காட்டும். “வோல்ட் வருகிறதே, வயர் சரி” என்று பலர் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். நான் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து வைத்திருக்கிறேன். அது நாலரை அம்பியருக்கு மேல் இழுக்கும். சுகமான வயரில் கண்ணைக் கூசும், நோயாளி வயரில் மஞ்சளாக அழும். ஏர்பேக்கின் மஞ்சள் உறை போட்ட வயர்ப் பக்கமும், கம்ப்யூட்டருக்குப் போகிற மெல்லிய வயர்களின் பக்கமும் இந்தப் பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

பட்டன் அமுக்கி ஸ்டார்ட் செய்கிற கார்களில் இன்னொரு பொறி உண்டு. பிரேக்கை மிதித்தால்தான் எஞ்சின் எழும். மிதித்ததைக் கார் அறிவது பிரேக் லைட்டின் சுவிட்ச் வழியாக. பின்னால் கமராவோ கூடுதல் எல்ஈடி விளக்கோ பூட்டும்போது பிரேக் லைட் பியூஸ் போயிருந்தால், அல்லது ஸ்டீயரிங்குக்குக் கீழே வேலை செய்தபோது அந்தச் சுவிட்சின் வயர் செருகுகிற கப்ளர் கழன்றிருந்தால், எல்லா விளக்கும் எரியும், கார் மட்டும் எழும்பாது. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். சிவப்பு எரியவில்லையா, விடை கிடைத்துவிட்டது. டொயோட்டாவின் பல கார்களில், கியர் ‘P’ (பார்க்) நிலையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்கிற ஏசிசி நிலையில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி பட்டனை 15 விநாடி விடாமல் அமுக்கினால் அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகும். நிலாவெளிக்கு அப்பால் இருட்டில் நிற்கும்போது இதைத் தெரிந்திருப்பது பெரிய உதவி.

எஞ்சின் சுற்றியும் பற்றாவிட்டால், போன் மூலம் வண்டியை நிறுத்துகிற ஜிபிஎஸ் கருவியைச் சந்தேகிப்பேன். அது பெரும்பாலும் பெற்றோல் பம்பின் வயரை வெட்டித்தான் உட்கார்ந்திருக்கும். பல கார்களில் சாவியைத் திருப்பியவுடன் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய உறுமல் கேட்கும். வழக்கமாகக் கேட்பது இப்போது இல்லையென்றால் அங்கே தேடுங்கள். பழுது பார்க்கும் கருவியை இணைப்பதற்கென்று உள்ள ஓபிடி துவாரத்தில் செருகிவிட்டு மறக்கிற மலிவுக் கருவிகளும் தொல்லை தரும். அத்துவாரத்தின் 16ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் உண்டு, ஆகவே அது இரவெல்லாம் குடிக்கும். 6ஆம், 14ஆம் பின்கள் காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசுகிற கேன் வழி. பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் அளவு வர வேண்டும். அதைவிட வெகுதூரம் விலகினால் பிடுங்கக்கூடியதையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அக்வா, பிரியஸ் போன்று எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரின் 12 வோல்ட் பற்றரி சின்னது, எஞ்சினைச் சுற்றுவது அதன் வேலை அல்ல. கம்ப்யூட்டர்களை எழுப்புவது மட்டும்தான். அது இறங்கினால் கார் ஓடத் தயார் என்று காட்டுகிற ரெடி விளக்கு வராது, மோட்டாரை ஓட்டுகிற பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் பயனில்லை. செட் களவாக இழுப்பது இந்தக் கார்களைச் சீக்கிரம் விழுத்தும். அவற்றைக் கொண்டு பிறர் காரை ஜம்ப் பண்ணவும் போகாதீர்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். முதல் தலைமுறை அக்வாவின் பெரிய பற்றரியே 144 வோல்ட், உயிரை எடுக்கும்.

அத்தானின் காருக்கு நான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி, டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தால், முழங்கால் இடிக்கிற இடத்தில் ரிலே ஒன்று வயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து போன டேப்பை விரலால் தொட்டதும் பிசினாக ஒட்டிக்கொண்டு கழன்று வந்தது. உள்ளே கறுத்த செம்பு, முறுக்குத் தளர்ந்து, ஓர் இழை மட்டும் ஒட்டியபடி. அதை இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்து, “இப்ப திருப்புங்கோ, அத்தான்” என்றேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது. விரல் சுட்டதால் உடனே விட்டேன், எஞ்சின் தன்பாட்டில் ஓடியது.

பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு அந்த இணைப்பை வெட்டி, சுரண்டி, ஈயம் பற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினோம். ரிலேயைக் கால் படாத இடத்தில் கட்டினோம். அம்ப்ளிபையருக்கு முன்னாலிருந்து போன தடித்த பிளஸ் வயரில் பியூஸே இல்லாததையும் அப்போதுதான் கண்டோம். பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒன்று வைத்தோம். அப்புறம் அக்கா பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, எந்த வயர் எதனோடு எங்கே சேர்ந்திருக்கிறது, ரிலே எங்கே, எந்த பியூஸ் எதற்கு என்று எழுதி, பொலித்தீன் பைக்குள் போட்டு, காரின் லாச்சிக்குள் வைத்திருக்கிறோம்.